கணைய அழற்சி: குறைத்துச் செய்வதே சிகிச்சை

ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ, இந்தியா ஆகிய நான்கு நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ‘வாட்டர்ஃபால்’ என்று பெயர்; முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. திடீர்க் கணைய அழற்சியோடு வருபவருக்கு எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றலாம் என்பதுதான் கேள்வி. நிறைய ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்ற வேண்டும் என்றே மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் படித்து வந்தார்கள். அதன்படி ஒரு பிரிவினருக்கு எடுத்த எடுப்பில் கிலோவுக்கு 20 மி.லி. ரிங்கர் லாக்டேட் திரவம், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 3 மி.லி. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு முதலிலேயே 1,200 மி.லி. உள்ளே போய்விடும். மறு பிரிவினருக்கு மணிக்குக் கிலோவுக்கு 1.5 மி.லி. கணக்கு, நீரிழப்பு இருந்தால் மட்டும் தொடக்கத்தில் கிலோவுக்கு 10 மி.லி. 249 பேரைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது. வேகமாக ஏற்றப்பட்டவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடலில் நீர் மிஞ்சித் தொல்லை வந்தது, மற்றவர்களில் 6.3 சதவீதம்தான். நோயின் தீவிரமோ குறையவில்லை.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம், டிரிப்சின் என்ற நொதியைச் செயல்படாத வடிவில்தான் சுரக்கிறது. சிறுகுடலை அடைந்த பிறகே அது வேலையைத் தொடங்க வேண்டும். பித்தப்பைக் கல் பாதையை அடைத்தாலோ, மதுவால் செல்கள் பழுதுபட்டாலோ, கணையத்துக்குள்ளேயே வேலை தொடங்கிவிடுகிறது. கணையம் தன்னைத்தானே செரிக்கிறது. நோயியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி 1896-இலேயே இதைச் சொல்லிவிட்டார். பெரும்பாலோர் சில நாளில் தேறிவிடுகிறார்கள். சிலருக்குத் திசு அழுகி, நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறுகின்றன. இந்தச் செயலிழப்பு 48 மணி நேரத்தைத் தாண்டினால் அது தீவிர வகை.

அழுகிய திசுவில் கிருமி புகுந்தால் வயிற்றைத் திறந்து அகற்றுவது வழக்கமாக இருந்தது. நெதர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் அதை மாற்றிக் காட்டினார்கள். முதலில் தோல் வழியே ஒரு குழாய் போட்டுச் சீழை வடித்தார்கள். போதாவிட்டால்தான் அடுத்த படி. குழாயோடு 35 சதவீதம் பேருக்குச் சிகிச்சை முடிந்தது. பெரிய சிக்கலோ மரணமோ நேர்ந்தவர்கள் 69 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தார்கள். அதே நாட்டின் 2021 ஆய்வு இன்னும் துணிச்சலானது: குழாய் போடுவதையே தள்ளிப்போட்டார்கள். அப்படிக் காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் மட்டுமே போதுமானதாக இருந்தது.

நல்லெண்ணத்தில் செய்வதும் கெடுதலாகலாம். நன்மை செய்யும் பாக்டீரியாக்களைக் கொடுத்துக் கிருமித் தொற்றைத் தடுக்க முயன்ற 2008 ஆய்வில், கொடுக்கப்பட்டவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். கொடுக்கப்படாதவர்களில் 6 சதவீதம். இப்படிப்பட்ட முடிவை மறைக்காமல் வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். எத்தனையோ உயிர்கள் அதனால் தப்பியிருக்கும்.

அழற்சியை ஆரம்பத்திலேயே நிறுத்துவதாக உறுதியாக நிரூபிக்கப்பட்ட மருந்து மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. கணையச் செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுவதே டிரிப்சினைத் தூண்டுகிறது என்பதால், அது புகும் வாயிலை அடைக்கும் மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். வெற்றி பெற்றாலும் அவற்றைச் சீக்கிரமாகக் கொடுத்தால்தான் முழுப் பலன் இருக்கக்கூடும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் வலியோடு வாந்தியும் நிற்காவிட்டால், வாயுத் தொல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவைக் காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.