இலையும் மட்டையும்: சப்பிரகமுவா நாட்டு உண்கலங்கள்

உண்ணும் உணவைப் போலவே அதனை ஏந்தும் கலமும் ஆராய்தற்குரியதாகும். உணவு சில நாழிகையிற் செரிக்க, அதனைப் பொதிந்த தாள் பல தலைமுறைக் காலம் மண்ணிற் கிடக்குமாயின், அதனை நாகரிக வளர்ச்சி என்றல் பொருந்துமா?

சப்பிரகமுவா மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் தேயிலையும் இறப்பரும் செழிக்கும் மழைமிகு நிலங்களாகும். இங்கே தோட்டத்து லயமொன்றின் கானில் வீழ்ந்தது அவ்விடத்தே தங்குவதில்லை. எட்டியாந்தோட்டைப் பக்கத்து நீர் களனி கங்கையையும், இரத்தினபுரிப் பக்கத்து நீர் களு கங்கையையும் சேர்ந்து கடலை அடைகின்றது. ஆதலின் மலையில் எறிந்த தாள் கீழ்நாட்டாரின் ஆற்றையும் கெடுக்கும்.

இக்கேடில்லாத கலங்கள் இந்நாட்டில் முன்னரே இருந்தன. வாழையிலையை அனலில் வாட்டினால் அது இளகி, மடித்தாலும் கிழியாது சோற்றைத் தாங்கும். குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் பாணியும் சேர்ந்த ஹலப்ப என்னும் பலகாரத்தைச் சிங்கள மக்கள் கெந்த மரத்தின் அகன்ற இலையில் வைத்து அவிப்பர். இடியப்பத் தட்டுகள் பிரம்பினாற் பின்னப்பட்டன. மலிவும் நீர் கசியாமையும் உடைய பொலித்தீனும் பிளாத்திக்கும் இவற்றைப் பின்தள்ளின.

2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து பல உயிர்களைக் கொண்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2023 அக்டோபர் 1 முதல் ஒருமுறை மாத்திரம் பாவிக்கும் பிளாத்திக்குத் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் என்பனவும், பிளாத்திக்கு இடியப்பத் தட்டும் விலக்கப்பட்டன. விலக்கியவற்றின் இடத்தை நிரப்புவது யாது என்பதே எஞ்சிய வினாவாகும்.

தாவரத்திற் பிறந்தவை யாவும் தக்கன என்று கொள்ளுதல் பிழை. சோளம் முதலியவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பெறும் பொலிலக்திக்கமிலம் தாவரப் பொருளே. எனினும் ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள பசளைத் தொழிற்சாலையிலேயே அது விரைந்து மக்கும். குளிர்ந்த ஓடையில் வீழ்ந்தால் நெடுங்காலம் கிடக்கும்.

கமுக மட்டையோ தானே உதிர்வது. கமுகு கேகாலைப் பகுதியில் நன்கு வளர்வது. மட்டையைக் கழுவி ஊறவைத்துச் சூடான அச்சில் அழுத்தினால், பசை எதுவுமின்றித் தட்டு உருவாகும். ஆயினும் பாக்கிலுள்ள அல்கலோயிட்டுகள் அத்தட்டிலிருந்து உணவிற் கலக்கக்கூடும் என்று ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 மே மாதத்தில் எச்சரித்தது. மண்ணுக்கு நல்லது உடலுக்கும் நல்லதென்று சோதியாமல் துணிதல் ஆகாது.

எனவே, எக்கலத்தையும் மூன்று வினாக்களால் அளத்தல் வேண்டும். அது எதிலிருந்து வந்தது? உணவோடு எதைச் சேர்க்கின்றது? எறிந்தபின் எங்கே, எவ்வளவு காலத்தில் மக்குகின்றது? இம்மூன்றுக்கும் தோட்டத்து வாழையிலை தக்க விடை தருகின்றது. கோயில் அன்னதானத்துக்கும் கலைவிழாவுக்கும் அதுவே போதும். நாளாந்த வேலைக்குக் கழுவிப் பாவிக்கும் சோற்றுப்பெட்டி ஏற்றது. தீயதை விலக்குதல் சட்டத்தின் கடன்; தக்கதைத் தெரிந்து கொள்ளுதல் கற்றோர் கடன்.