‘வணக்கம்’ சொன்னால் வெட்டுவார்கள்... ‘அண்ணா’ என்றால் உதவுவார்கள்! புரோகிராமர் உலகின் ஊர்வழக்கங்கள்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் தாண்டிச் சென்றால் பூண்டி. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளையும் மேல்மலைக் கிராமம். இப்படியோர் ஊரிலிருந்து பைத்தான் படிக்க நினைக்கும் மாணவருக்குப் பக்கத்துத் தெருவில் சொல்லித்தர ஆள் கிடைப்பது சிரமம். கையிலிருக்கும் செல்போன்தான் வகுப்பறை. புரோகிராமில் எர்ரர் வந்தால் யாரிடம் கேட்பது?

இணையத்தில் புரோகிராமர்கள் கூடும் இடங்கள் ஏராளம். ஆனால், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊர் மாதிரி. ஓரிடத்தில் மரியாதையாக இருப்பது இன்னோரிடத்தில் இடைஞ்சல். இது தெரியாமல் முதல் கேள்வியிலேயே குட்டு வாங்கி, ‘நமக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்று ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு.

நன்றிக்கும் இடமில்லை!

2008-ல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கியது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. இங்கே கேள்வியின் தொடக்கத்தில் வணக்கமும் முடிவில் நன்றியும் எழுதினால், யாராவது வந்து அதை நீக்கிவிடுவார்கள். ஏற்கெனவே கேட்ட கேள்வி என்றால், பழைய பதிலைச் சுட்டிக்காட்டி மூடிவிடுவார்கள். சரியாகக் கேட்காவிட்டால் மைனஸ் ஓட்டு.

ஏன் இவ்வளவு கறார்? இது ஒரு நூலகம்போலச் செயல்படுகிறது. கேட்டவருக்கு மட்டுமல்லாமல், பின்னால் அதே சிக்கலோடு தேடி வரும் ஆயிரக்கணக்கானோருக்கும் பதில் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். ஆனாலும், புதியவர்களுக்கும் பெண்களுக்கும் தங்கள் தளம் இதமாக இல்லை என்று அந்த நிறுவனமே 2018-ல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

மன்னிப்புக் கேட்ட லினஸ்

ஆண்ட்ராய்டு போன்களுக்குள் ஓடும் லினக்ஸ் கெர்னலை உருவாக்குபவர்களின் உலகம் இன்னும் கடுமையானது. வண்ண எழுத்து, அலங்காரம் எதுவுமில்லாத வெறும் எழுத்து மின்னஞ்சல்தான் அங்கே செல்லுபடியாகும். ஒரு வரி பிசகினாலும் கோடிக்கணக்கான கருவிகள் பாதிக்கப்படலாம் என்பதால், ஒவ்வொரு மாற்றத்தையும் சல்லடை போட்டுச் சலிப்பார்கள்.

அந்தக் கண்டிப்பு வசையாகவும் மாறியதுண்டு. 1991-ல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தன் கடுஞ்சொற்களுக்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் விலகியிருந்தார். அதே மாதம் புதிய நடத்தை விதிகளும் வந்தன.

2014-ல் உருவான ஃப்ரீகோட்கேம்ப் இதற்கு நேரெதிர். தொடக்கநிலை ஆட்களுக்கானது என்பதால் பொறுமையாகப் பேசுவார்கள். ஆனால், முழு விடையை எழுதித் தர மாட்டார்கள். குறிப்பு மட்டும் தருவார்கள்.

நம்ம ஊர் வழி

தமிழ்நாட்டுக் குழுக்களில் உறவுமுறைதான் முதலில் வரும். ‘அண்ணா, ஒரு டவுட்’ என்றால் போதும். 1998 முதல் சென்னையில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தரும் விழுப்புரம் குழு, தமிழில் கலந்துரையாடும் காஞ்சிபுரம் குழு என்று பல உண்டு. 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ இணைய இதழ், லினக்ஸ் முதல் பைத்தான் வரை தமிழிலேயே சொல்லித்தருகிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு ரஷ்யன், ஜப்பானிய மொழிகளில் தனித் தளங்கள் உண்டு, தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் தயங்குபவர்களுக்கு நம்ம ஊர்க் குழுக்களே ஆறுதல்.

இதிலும் ஒரு குறை உண்டு. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் காலையில் கிடைத்த அருமையான பதில், மாலைக்குள் நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். அடுத்தவர் மீண்டும் அதையே கேட்பார்.

எங்கே, எப்படிக் கேட்பது?

* முதலில் தேடிப் பாருங்கள். பழைய பதிலே போதுமானதாக இருக்கலாம்.
* எர்ரர் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல், எழுத்தாக அப்படியே ஒட்டுங்கள்.
* சிக்கல் தெரியும் அளவுக்குச் சின்னக் கோடு போதும்.
* என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, என்னவெல்லாம் முயன்றீர்கள் என்று சொல்லுங்கள்.
* ‘சார், அர்ஜென்ட்’ எந்த ஊரிலும் எடுபடாது!

அடிப்படைச் சந்தேகங்களைத் தமிழ்க் குழுக்களில் கேட்டுத் தெளியுங்கள். கேள்வி கூர்மையானதும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போங்கள். அங்கே கேள்வியை மூடினால், அது உங்கள் திறமைக்கான மதிப்பெண் இல்லை. அந்த ஊரின் வழக்கம், அவ்வளவுதான். திருத்தி எழுதினால் மூடிய கேள்வியும் மீண்டும் திறக்க வாய்ப்புண்டு.