வீடும் சானடோரியமும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார இரயிலில் பயணம் செய்தோர், தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பெயரைக் கவனித்திருப்பர். 'தாம்பரம் சானடோரியம்' என்பது அப்பெயர். அவ்வழியே நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஒருவரிடம், சானடோரியம் என்றால் என்ன பொருள் என்று ஒருமுறை வினவினேன். "அது ஊர்ப் பெயர்தானே, ஐயா?" என்றார் அவர். அவர்மீது குற்றமில்லை. ஒரு காலத்தில் கேட்டவுடன் நெஞ்சு நடுங்கச் செய்த சொல், இன்று வெறும் நிலையத்தின் பெயராக நிற்கிறது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதில் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சிக்கு உள்ள பங்கையும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சானடோரியம் என்பது காசநோயாளர் நெடுநாள் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம். க்ஷயம் என்றும் எலும்புருக்கி என்றும் நம் முன்னோர் அஞ்சிய அந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்பதை, ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். பகைவன் இன்னான் என்று தெரிந்ததேயன்றி, அவனை வெல்லும் படைக்கலம் அதன்பின் அறுபது ஆண்டுகள்வரை கிட்டவில்லை. தூய காற்று, முழு ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே மருந்தாகக் கருதப்பட்டன. அவற்றை அளிக்கவே ஊருக்கு வெளியே, மரங்களடர்ந்த இடங்களில் சானடோரியங்கள் எழுந்தன. தாம்பரத்தில் டாக்டர் சவுரி முத்து அவர்கள் 1928ஆம் ஆண்டில் அத்தகைய இல்லம் ஒன்றை நிறுவினார். அதுவே பின்னர் அரசு மருத்துவமனையாக வளர்ந்து, இன்றும் நெஞ்சக நோயாளருக்குத் தொண்டாற்றி வருகிறது.

சானடோரியத்துக்குச் செல்வது எளிதன்று. மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே தங்க வேண்டியிருந்தது. கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பவர் ஓராண்டு படுக்கையில் கிடந்தால் வீட்டில் உலை வைப்பது யார்? கைக்குழந்தையுடைய தாய் சென்றால் குழந்தையை வளர்ப்பது யார்? இவ்வளவுக்கும் உடன்பட்டாலும் இடம் கிடைப்பது அரிது. நாட்டில் நோயாளர் பல இலட்சம். படுக்கைகளோ சில பதினாயிரமே.

இந்நிலையில்தான் புதிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 'பாஸ்' என்று சுருக்கமாக வழங்கும் அமில மருந்தும், 1952இல் ஐசோனியசிட் என்னும் மருந்தும் பயனுக்கு வந்தன. புதிய மருந்து உண்மையில் குணப்படுத்துகிறதா என்பதை அறிவது எங்ஙனம்? மருந்துண்டவர் குணமடைந்தார் என்பது மட்டும் போதாது. உண்ணாமலே அவர் குணமடைந்திருக்கலாம் அன்றோ? அன்றியும், பிழைக்கக் கூடியவர்களையே மருத்துவர் தம்மையறியாமல் மருந்துக்குத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

இவ்வையத்தை நீக்கும் வழியைப் பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் கையாண்டனர். ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது அந்நாட்டில் அனைவருக்கும் போதுமான அளவில் இல்லை. எனவே 107 நோயாளரை, ஏறத்தாழக் குலுக்கல் சீட்டுப் போடுவதுபோல, இரு பிரிவாக்கினர். யார் எப்பிரிவு என்பதை முத்திரையிட்ட உறைகள் முடிவு செய்தனவேயன்றி, மருத்துவரின் விருப்பம் முடிவு செய்யவில்லை. 55 பேர் ஓய்வுடன் மருந்தும் பெற்றனர். 52 பேர் ஓய்வு மட்டும் பெற்றனர். ஆறு மாதங்களில் முதற் பிரிவில் 4 பேரும், இரண்டாம் பிரிவில் 14 பேரும் இறந்தனர். 1948இல் வெளிவந்த இம்முடிவு, மருந்தின் ஆற்றலோடு, ஒப்பிட்டறியும் முறையின் ஆற்றலையும் காட்டியது. ஒரே மருந்தைத் தனித்துக் கொடுத்தால் கிருமி அதனை எதிர்த்து நிற்கப் பழகிவிடுகிறது என்பதும் அதே ஆராய்ச்சியில் புலனாயிற்று. எனவேதான் மருந்துகளை இணைத்துக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது.

மருந்து கிடைத்தவுடன் நம் நாட்டுக்கு மற்றொரு வினா எழுந்தது. மருந்துண்ணும் நோயாளிக்குச் சானடோரியம் இன்னும் தேவையா? அவர் தம் சிறு குடிசையிலேயே இருந்து குணமடைய இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி, 1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கினார்.

நகரின் ஏழை மக்களிடையே, சளியில் கிருமி காணப்பட்ட நோயாளர் 190க்கு மேற்பட்டோர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். முன்னர்க் கூறிய முறைப்படியே அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். மருந்து இருவர்க்கும் ஒன்றே: ஐசோனியசிட்டும் பாஸும். சானடோரியத்தில் இருந்தோர்க்கு நல்ல உணவு, ஓய்வு, செவிலியர் கவனிப்பு ஆகியன கிடைத்தன. வீட்டில் இருந்தோர்க்கோ நெருக்கமான அறை, குறைந்த உணவு, பலருக்கு நாள் முழுதும் வேலை. அவர்கள் மருந்தை ஒழுங்காக உண்கிறார்களா என்று அறிய, நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

1959இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கி, கிருமி நீங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். சிறு வேறுபாடு இருந்தது உண்மையே. ஆயினும் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கவனித்தபோது, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். நோயைத் தணித்தவை முதன்மையாக மருந்துகளே என்பதும், காற்றும் கட்டிலும் அவற்றுக்கு அடுத்தவையே என்பதும் தெளிவாயின. 1962இல் தொடங்கிய நம் நாட்டுக் காசநோய்த் திட்டம் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறையைக் கைக்கொண்டது. உலகின் பிற நாடுகளிலும் சானடோரியங்கள் படிப்படியாக மறைந்தன. சேத்துப்பட்டு நிலையம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது.

அவ்வாராய்ச்சியில் மற்றொரு வினாவும் அடங்கியிருந்தது. நோயாளி வீட்டில் இருந்தால் உடனுறையும் பிள்ளைகளுக்கு நோய் மிகுதியாகப் பரவாதா? இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் நிலையத்தார் ஐந்தாண்டுகள் தொடர்ந்து சோதித்தனர். வீட்டிலேயே சிகிச்சை நடந்த குடும்பங்களில் நோய் அதிகமாகக் காணப்படவில்லை. காரணம் யாதெனில், நோய் இன்னதென்று அறிந்து மருந்து தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலான தொற்று நிகழ்ந்துவிடுகிறது. முறையாக மருந்துண்ணத் தொடங்கியபின், பரப்பும் ஆற்றல் விரைவில் குறைந்துவிடுகிறது.

இதனைச் சொல்லும்போது என் பிழை ஒன்றை மறைத்தல் முறையன்று. 2004ஆம் ஆண்டில், நான் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்க்குக் காசநோய் என்ற செய்தி பரவியது. பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, அப்பெண் தம் பிள்ளைகளுடன் அமரலாகாது என்றனர். அம்மாணவிக்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆயினும் நான் அவளை அழைத்து, "அம்மாவுக்கு உடம்பு தேறும்வரை வீட்டிலேயே இரு, அம்மா" என்றேன். அவள் மறுசொல் சொல்லவில்லை. புத்தகங்களை எடுத்துக்கொண்டு சென்றாள். பத்து நாட்களுக்குப் பின், அப்பகுதிச் சுகாதாரச் செவிலியர் என்னைக் காண வந்தார். "ஐயா, அந்தக் குழந்தையைச் சோதித்துவிட்டோம், நோய் இல்லை. அம்மாவும் நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். குழந்தையை ஏன் அனுப்பினீர்கள்?" என்று அவர் கேட்டபோது என்னால் விடையிறுக்க இயலவில்லை. என் ஊருக்கு அண்மையிலேயே கண்டறியப்பட்ட உண்மை, நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் என் பள்ளி வாயிலைக் கடந்து உள்ளே வரவில்லை. மறுநாளே அவளை அழைத்து வந்தேன். ஆனால் அவளுடைய தோழியர் அவளருகில் அமர மேலும் பல வாரங்கள் ஆயின. அச்சத்தை நான் முதலில் ஏற்றுக்கொண்டேன் அல்லவா? மாணவர் என்னைப் பின்பற்றினர்.

இனி, அண்மைக்கால ஆராய்ச்சி ஒன்றைக் காண்போம். சென்னை ஆராய்ச்சியில், குறைந்த உணவு உண்டோரும் மருந்தால் குணமடைந்தனர் என்று கண்டோம். அவ்வாறாயின் உணவுக்குப் பயனே இல்லையா? ஜார்க்கண்டு மாநிலத்தில் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஒரு பெரும் ஆராய்ச்சி நடைபெற்றது. சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கு கொண்டது. 2,800 நோயாளரும், அவர்தம் குடும்பத்தார் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரும் அதில் இடம்பெற்றனர். நோயாளர் அனைவர்க்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்மா, எண்ணெய் அடங்கிய உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. அவ்வட்டாரங்களுள் ஒரு பாதியில் குடும்பத்தார்க்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் அளிக்கப்பட்டன. எந்த வட்டாரத்துக்கு இது கிடைப்பது என்பதைக் குலுக்கலே முடிவு செய்தது. 2023இல் முடிவு வெளிவந்தது: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது, பிறர்க்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் மட்டும் 48 பங்கு குறைந்தது. நோயாளருள், தொடக்க இரு மாதங்களில் உடல் எடை கூடியவர்களிடையே இறப்பும் குறைவாகக் காணப்பட்டது.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் முரண்பாடு இல்லை. சென்னையில் கேட்டது, 'மருந்துண்பவர் குணமடைய நல்லுணவு இன்றியமையாததா?' என்பது. ஜார்க்கண்டில் கேட்டது, 'நல்லுணவு நோய் வராமல் காக்குமா?' என்பது. வினா வேறு, ஆதலின் விடையும் வேறு. முதல் விடையை மட்டும் கற்று, 'ஏழைக்கு மாத்திரை போதும். உணவு வேண்டியதில்லை' என்று ஒருவர் முடிவு கட்டினால், பிழை ஆராய்ச்சியினுடையதன்று. கேளாத வினாவுக்கு அதனிடம் விடை பெற முயன்றவருடையது. நோயாளர் உணவுக்கென நம் நாட்டரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியதும், 2024 நவம்பர் முதல் அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியதும் இத்தேவையை உணர்ந்தே ஆகும்.

அதுபோலவே, 'வீடே போதும்' என்னும் விடையும் எல்லார்க்கும் பொருந்துவதன்று. எழுந்து நிற்கவும் இயலாதவர், மூச்சுத் திணறுபவர், மிக மெலிந்தவர் ஆகியோரை வீட்டில் விட்டுவைத்தால் மருந்து வேலை செய்யுமுன்பே உயிர் பிரியக்கூடும். ஆகவே தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. நோய் கண்டறிந்தவுடன் உடல் எடை, மூச்சு, குருதியில் உயிர்வளியின் அளவு, கால் வீக்கம், தாமே எழுந்து நிற்கும் வலிமை ஆகியவற்றைச் சோதித்து, கடுமையான நிலையில் உள்ளோரை மட்டும் மருத்துவமனையில் சேர்த்துக் காப்பது அதன் நோக்கம். கைவிட்ட கட்டிலை முற்றும் வெறுக்காமல், தேவையானவர்க்கு மட்டும் மீண்டும் விரிக்கிறோம்.

மாணவ மணிகளே! 'ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்' என்று நாள்தோறும் செய்திகள் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது நான்கு வினாக்களைக் கேட்டுப் பழகுங்கள். யாரை யாரோடு ஒப்பிட்டனர்? எப்பிரிவில் யார் என்பதை முடிவு செய்தது எது? எத்தனை பேரை, எவ்வளவு காலம் கவனித்தனர்? அவர்கள் கேட்ட வினா சரியாக எது? இந்நான்குக்கும் விடை கிடைத்தால் அச்செய்தியை நம்பலாம், கிடைக்காவிடில் பொறுத்திருக்கலாம்.

மற்றொன்றும் சொல்வேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவரைச் சளிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். மருந்து தொடங்கினால், உடல் தேறியதுபோல் தோன்றினாலும், குறித்த மாதங்கள் முடியும்வரை நிறுத்தாமல் உண்ணச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் அத்தகைய வீட்டிலிருந்து வரும் தோழனோ தோழியோ இருந்தால், சோதனை முடிந்ததா என்று பரிவோடு கேட்டறிந்து, வழக்கம்போல் அவர் அருகிலேயே அமருங்கள். 2004இல் நான் செய்யத் தவறியது அதுவே.