மலைக்குக் காவல் மரமே

2022 ஜூன் மாதம் மகள் வீட்டுக்குச் சுவிட்சர்லாந்து போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைப் பழைய கோட்ஹார்ட் ரயில் பாதையில் அழைத்துப் போனார். 1882-ல் திறக்கப்பட்ட பாதை அது. 2016-ல் மலையின் அடிவாரத்திலேயே 57 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய சுரங்கம் திறந்துவிட்டார்கள். விரைவு வண்டிகள் அதன் வழியே போய்விடுகின்றன. மலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பழைய பாதைதான்.

"மாமா, அதோ அந்தச் சர்ச்சைப் பாத்து வச்சுக்குங்க. இன்னும் ரெண்டு தடவை வரும்" என்றார் மாப்பிள்ளை.

வாஸன் என்ற சிற்றூரின் தேவாலயம் அது. ரயில் மலைக்குள்ளேயே வட்டமடித்து ஏறுவதால் முதலில் தலைக்கு மேலும், பிறகு நேர் எதிரிலும், கடைசியில் காலுக்குக் கீழேயும் தெரிகிறது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, என் கண் போனது பாதைக்கு மேலே இருந்த சரிவுக்கு. மழைக்காலத்தில் மலைப்பாதையில் வேலை பார்த்து, எந்தப் பாறை எப்போது உருளுமோ என்று தூக்கம் கெட்டவன் நான். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றாலும் போகாது. இங்கே சரிவு முழுவதும் அடர்ந்த ஊசியிலைக் காடு.

"ஆண்டவன் இவர்களுக்கு எவ்வளவு காட்டைக் கொடுத்திருக்கிறான்!" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "ஆண்டவன் குடுத்ததை ஒரு தடவை வெட்டித் தீர்த்துட்டாங்க மாமா. இப்ப இருக்கறது சட்டம் குடுத்தது."

அன்று இரவே அது பற்றி அவரிடம் புத்தகங்கள் கேட்டு வாங்கிப் படித்தேன். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், விறகுக்கும் கரிக்கும் வீடு கட்டவும் விற்பனைக்கும் என்று மலைக்காடுகளை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் ஆடுகளை மேயவிட்டதால் கன்றுகள் தலையெடுக்கவில்லை. மண் பிடிப்பிழந்தது. மழை பெய்தால் காட்டாறுகள் கல்லும் மண்ணுமாகப் பள்ளத்தாக்கில் இறங்கின.

1858-ல் அரசு இரண்டு பேராசிரியர்களை ஆராயச் சொன்னது. காடுகளைப் பார்த்தவர் எலியாஸ் லண்டோல்ட். காட்டாறுகளைப் பார்த்தவர் கார்ல் குல்மான். இந்தப் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிப்ளமா படித்த நாளில் விசைப் பலகோணம் வரைந்து பாலத்தின் உறுப்புகளில் ஏறும் விசையைக் கண்டுபிடிப்போமே, அந்த வரைபட முறையைப் பாடமாக்கி நிலைநிறுத்திய அதே குல்மான்! அதற்கு முன் பவேரியாவில் ரயில்வே பொறியாளராக இருந்தவர். பாலம் கணக்கிட்டவர் மலை மலையாக ஏறி, வெள்ளத்தைத் தடுப்பதற்கு ஆற்றில் சுவர் கட்டினால் மட்டும் போதாது, மேலே காடும் வேண்டும் என்ற வாதத்துக்கு வலு சேர்த்திருக்கிறார்.

அறிக்கைகள் 1862-லும் 1864-லும் வந்தன. ஆனால் அறிக்கை மட்டும் யாரை அசைத்தது? 1868 இலையுதிர் காலத்தில் பெருவெள்ளம் வந்தது. சுமார் 50 பேர் மாண்டனர். அதன் பிறகுதான் வேகம் பிறந்தது. 1874 அரசியல் சட்டம் மலைப்பகுதிக் காடுகளை மேற்பார்வையிடும் உரிமையை மத்திய அரசுக்குத் தந்தது. 1876-ல் வனச் சட்டம் வந்தது. காட்டின் பரப்பு குறையக்கூடாது, ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் ஈடு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். 1902-ல் அதை நாடு முழுமைக்கும் விரித்தார்கள். இன்று அந்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காடு.

எனக்குப் பிடித்தது சட்டத்தின் இன்னொரு பக்கம். "வெட்டாதே" என்று மலைவாசிக்குச் சொல்வது சுலபம். அவன் அடுப்பெரிக்க என்ன செய்வான்? காட்டால் பிழைப்பது கீழே இருக்கும் ஊர்களும்தானே! ஆகவே மரம் நடவும் காட்டைப் பேணவும் மத்திய அரசும் மாநிலமும் பணம் போடுகின்றன. சமவெளிக்காரன் மலைக்காரனுக்குக் கொடுக்கும் காவல் கூலி என்று சொல்லலாம்.

மறு வாரம் ஆண்டர்மாட் என்ற ஊருக்குப் போனோம். கோஷெனென் நிலையத்திலிருந்து பல்சக்கர ரயில். நம் நீலகிரி ரயிலில் இருக்கும் அதே ஆப்ட் முறை. அதை வகுத்த ரோமன் ஆப்ட் சுவிஸ்காரர்தான். ஆண்டர்மாட்டில் சுற்றிலும் மொட்டை மலை. ஊருக்கு நேர் மேலே மட்டும் ஒரு முக்கோணத் துண்டாகக் காடு நிற்கிறது. 1397-ல் அந்த ஊரார் தாங்களே கூடி, அதில் மரம் வெட்டக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். காரணம் பனிச்சரிவு. செங்குத்துச் சரிவில் மரங்கள் நெருங்கி நின்றால் பனி ஒரே பாளமாகப் படியாது. படிந்ததும் சுலபமாக வழுக்காது. மரம் இல்லாத இடங்களில் வரிசை வரிசையாக இரும்புத் தடுப்புகள் நட்டிருக்கிறார்கள். அவற்றின் செலவு பல மடங்கு. இரும்பு துருப்பிடிக்கும், மரம் தானே வளரும்.

ஆனால் மரமும் சகலரோக நிவாரணி அல்ல. மரம் வளராத உயரத்தில் கிளம்பி வேகம் பிடித்துவிட்ட பனிச்சரிவைக் காடு நிறுத்தாது. 1951 குளிர்காலத்தில் நாடு முழுவதும் நூறு பேருக்கு அருகில் பனிச்சரிவில் இறந்தார்கள்; ஆண்டர்மாட்டும் தப்பவில்லை. 2025 மே 28 அன்று பிளாட்டன் என்ற மலைக்கிராமத்தின் மேல் பாறையும் பனியாறும் சேர்ந்து சரிந்து, ஊரில் பெரும்பகுதியை மூடிவிட்டன. சரிவை அளவெடுத்துக் கொண்டே இருந்ததால் சுமார் 300 பேரை ஒன்பது நாள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். ஓர் உயிர் போயிற்று, ஊரே போயிருக்கும். தொலைபேசியில் மாப்பிள்ளை இதைச் சொன்னபோது அவர் குரலே சரியாக இல்லை.

ஆண்டர்மாட் காட்டோரம் பார்த்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முழங்கால் உயரக் கன்றுகளுக்குக் கம்பிவலை போட்டிருந்தார்கள். மான்கள் கொழுந்தைக் கடித்துவிடுகின்றனவாம். காட்டைத் தொடாமலே விட்டால் எல்லா மரமும் ஒன்றாகக் கிழடாகிவிடும். அதனால் சில முதிய மரங்களை வெட்டி, வெளிச்சம் விழச்செய்து, கன்று வளர்க்கிறார்கள். இந்தக் கன்று பனியைத் தாங்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன்.

"உங்க பேத்தி பாட்டியாகணும் மாமா" என்றார் மாப்பிள்ளை.

நாங்களும் பாலத்துக்கு நூறாண்டுக் கணக்குத்தான் போடுவோம். ஒரே வித்தியாசம்: பாலம் திறந்த அன்றே பாரம் தாங்கும். கன்று தாங்கும்வரை, அதைத் தலைமுறை தலைமுறையாக யாராவது காவல் காக்க வேண்டும்.