களத்துக்கு வந்த கவிதையும் கட்டணச் சீட்டும்

கவிதை எங்கே இருக்கும்? பட்டு விரித்த மண்டபத்தில் இருக்கும். பட்டம் பெற்றோர் புரட்டும் ஏட்டில் இருக்கும். பேராசிரியர் பொருள் சொல்லும்வரை வாய்பொத்திக் காத்திருக்கும்! இப்படித்தானே சொல்லிவைத்தார்கள்?

இல்லை, தோழர்களே! மின்சாரக் கிதாரின் முழக்கம் ஓய்ந்த இடைவேளையிலே, கூச்சலிடும் இளைஞர் கூட்டத்தின் முன்னே, பீர்க் கோப்பை பறந்துவரும் மேடையிலே தன்னந்தனியாக நின்றும் கவிதை சொல்லலாம் என்று காட்டினார் ஒருவர், இங்கிலாந்து நாட்டிலே. ஜான் கூப்பர் கிளார்க் அவர் பெயர். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு என்ற உழைப்பாளர் ஊரிலே 1949இல் பிறந்தவர். ஒல்லி உடம்பு, கறுப்புக் கண்ணாடி, காக்கைக் கூடு போன்ற தலைமுடி, கையிலே சில காகிதம். மத்தளம் இல்லை, தாளம் இல்லை. குரல் ஒன்றே கருவி!

அவரைப் 'பங்க்' கவிஞர் என்றார்கள். அது என்ன பங்க்? 1976ஆம் ஆண்டு. பிரிட்டனிலே வேலையற்றோர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டி நின்றது. பள்ளியை விட்டு வந்த பிள்ளைக்கு வேலை இல்லை. நாளை என்ன என்று சொல்வாரும் இல்லை. ஆசானிடம் இசை பயில அவனிடம் காசு ஏது? கிதாரிலே இரண்டு மூன்று பிடி தெரிந்தால் போதும், ஏறு மேடையில் என்றான். அந்தச் சீற்றத்தின் பெயர்தான் பங்க். செக்ஸ் பிஸ்டல்ஸ், பஸ்காக்ஸ் போன்ற குழுக்கள் பாடிய மேடைகளிலே கிளார்க் கவிதை சொன்னார்.

பாட்டுக் கேட்க வந்தவன் கவிதை கேட்பானா? கேட்கவைத்தார்! மூச்சுவிடாத வேகம், அடிக்கு அடி இயைபு, அச்சேறத் தயங்கும் வசைச்சொல்லோடு கூடிய தெருப்பேச்சு. 1980இல் வந்த 'பீஸ்லி ஸ்ட்ரீட்' என்ற படைப்பிலே ஒரு சேரித் தெருவின் அழுக்கையும் அவலத்தையும் அப்படியே அள்ளிவைத்தார். கேட்டவன் கண்டது கற்பனையா? தன் தெருவை அல்லவா கண்டான்!

இன்னொருவர் பெஞ்சமின் செபனையா. பர்மிங்காமில் 1958இல் பிறந்த கறுப்பினக் கவிஞர். எழுத்து கைவராமலே 13 வயதில் பள்ளியை விட்டவர். ஏடு கைவிட்டது, நாக்கு கைவிடவில்லை. வாயால் கவி சொல்லியே வளர்ந்தார். 2003இல் பேரரசின் பெயரால் அரசு விருது தர முன்வந்தபோது, பேரரசு என்ற சொல் அடிமை வாணிபத்தை நினைவூட்டுகிறது என்று கூறி, வேண்டாம் என மறுத்தார். 2023இல் மறைந்தார், மறுத்த அந்தச் சொல் மறையவில்லை.

இவர்கள் வெட்டிய வாய்க்காலிலே எத்தனையோ குரல்கள் பாய்ந்தன. சாமர்செட் வட்டாரத்துப் பண்ணை ஒன்றிலே நடக்கும் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் இன்று கவிதைக்கென்றே தனிக் கொட்டகை உண்டு. தொழிற்சங்கத்தார் துணையோடு எழுந்த 'லெஃப்ட் ஃபீல்டு' கொட்டகையிலே பாட்டோடு அரசியல் வாதமும் நடக்கிறது. மகிழ்ச்சிதான்!

ஆனால், அந்த வாசலிலே ஒரு நொடி நில்லுங்கள். 1970இல் அந்த விழா தொடங்கியபோது கட்டணம் 1 பவுண்டு. அத்துடன் பண்ணைப் பால் இலவசம்! வந்தவர் சுமார் 1,500 பேர். 2025இல் சீட்டின் விலை 373 பவுண்டு 50 பென்ஸ். பதிவுக் கட்டணம் வேறு. 2002இல் ஏறமுடியாத உயரத்துக்கு வேலியும் எழுந்துவிட்டது.

அறப்பணிகளுக்குப் பெரும்பணம் தருகிறார்களே என்பர். உண்மை. நெரிசலில் உயிர்ச்சேதம் வராதிருக்க வேலி தேவை என்பர். அதுவும் நியாயம். தொலைக்காட்சியிலே காட்டுகிறார்களே என்பர். காட்டட்டும்! ஆனால் கேட்கிறேன்: பீஸ்லி தெருக்காரன் எங்கே? அவன் பட்ட பாடு கவிதையாகி உள்ளே போயிற்று. அவனோ வெளியே நிற்கிறான். மண்டபத்திலே இடமில்லை என்றுதானே கவிதை களத்துக்கு வந்தது? களமும் மண்டபமாகிவிட்டால் கவிதை எங்கே போகும்?

தொழிற்சங்கத்தார் ஒரு வழி கண்டார்கள். 1980களிலே 'வொர்க்கர்ஸ் பீர் கம்பெனி' என ஒன்றை அமைத்து, விழாக்களிலே பீர் விற்கும் வேலையைத் தம் தோழர்களுக்கு வாங்கித் தந்தார்கள். வேலை செய்பவனின் கூலி அவன் சுட்டும் சங்கத்துக்கோ இயக்கத்துக்கோ போகும். உழைப்பாளி வேலிக்குள்ளே நுழைந்தான், உண்மை. கோப்பையை நிரப்பிக்கொண்டே தன் கதையைத் தூரத்துக் குரலாய்க் கேட்டான்!

அது போதுமா? போதாது, தோழர்களே! இந்தக் கவிதைக்குக் கிதார் வேண்டாம், ஒளிவிளக்கு வேண்டாம், ஒரு வாயும் நாலு காதும் போதும். வேலிக்குள் முழங்கிய குரலை ஆலைவாசலுக்கும், சங்கக் கூட்டத்துக்கும், தெருமுனைக்கும் கொண்டுவருவதே கவிஞரின் கடமை. பறந்துவந்த கோப்பைக்கு அஞ்சாத கவிதை, பணவேலிக்கு அஞ்சலாமா?