‘அரசு அங்கீகாரம் பெற்றது’: ஐ.டி.ஐ. பெயர்ப்பலகை சொல்வதும் சொல்லாததும்

தனியார் தொழிற்பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் தவறாமல் இடம்பெறும் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்னும் தொடர், அந்த நிலையம் முழுவதற்கும் அரசு வழங்கிய நற்சான்று என்றே பெற்றோராலும் மாணவராலும் புரிந்துகொள்ளப்படுகிறது. நடைமுறையில் அப்படியொரு நற்சான்று கிடையாது. ஐ.டி.ஐ. என்று பரவலாக அறியப்படும் இந்நிலையங்களுக்குக் கிடைப்பது ‘இணைப்பு’. அதுவும் நிலையத்துக்கு மொத்தமாக அல்லாமல், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் என ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும், அப்பிரிவுக்குள் ஒவ்வோர் ‘அலகு’க்கும் தனித்தனியாக வழங்கப்படுவதாகும். அலகு என்பது ஒரு தொகுதியாகச் சேர்ந்து பயிலும் மாணவர் குழு. ஃபிட்டர் பிரிவில் அது 20 பேரைக் கொண்டது. எனவே இரண்டு பிரிவுகளுக்கு மட்டும் இணைப்புப் பெற்ற ஒரு நிலையம் ஐந்து பிரிவுகளை நடத்திவருமானால், எஞ்சிய மூன்றில் படித்து வெளியே வருபவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்காது. சேர்க்கைக்கு முன் விசாரிக்க வேண்டியது நிலையத்தின் அங்கீகாரத்தை அன்று, சேரவிருக்கும் பிரிவின் இணைப்பையே.

ஐ.டி.ஐ.க்களில் நடக்கும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் ஒன்றிய அரசால் தொடங்கப்பட்டது. நிலையங்களின் அன்றாட நிர்வாகம் 1956இல் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் நாடெங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காகத் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைக்கப்பட்டது. நிலையத்தை நடத்துவது மாநிலமோ தனியாரோ, அளவுகோலை வகுப்பது ஒன்றியம் என்னும் இந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. குறை ஒன்று வெளிப்படும்போதெல்லாம் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நழுவுவதற்கும் இதுவே இடம்கொடுத்துவருகிறது.

இணைப்புக்கு விண்ணப்பிக்கும் நிலையத்தில் பணிமனையின் பரப்பளவு, மின்இணைப்பின் திறன், கருவிகளின் எண்ணிக்கை, பயிற்றுநரின் கல்வித்தகுதி ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன. இந்தச் சரிபார்ப்புப் பணி 2012 முதல் சில ஆண்டுகள் இந்தியத் தரக் குழுமத்திடம் விடப்பட்டிருந்தது. 2007இல் நாட்டில் 1,896 அரசு நிலையங்களும் ஏறத்தாழ 2,000 தனியார் நிலையங்களும் இருந்தன. அதற்கடுத்த பத்தாண்டுகளில் 9,000க்கும் மேற்பட்ட தனியார் நிலையங்கள் புதிதாகச் சேர்ந்தன. இந்தப் பெருக்கத்தை ஆராய்ந்த நாடாளுமன்றத்தின் தொழிலாளர் விவகார நிலைக்குழு, இதைச் செயல்திறன் என்று கொள்ளாமல் விதிமுறைகளையும் தரத்தையும் புறக்கணித்ததன் விளைவு என்றே கருதியது. இவ்வளவு வேகமாக முளைத்த நிலையங்களுக்குத் தகுதியுள்ள பயிற்றுநர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டாலே குழுவின் கருத்தில் உள்ள நியாயம் விளங்கும். பயிற்றுநர் பணிக்குத் தொழிலறிவு மட்டும் போதாது, கற்பிக்கும் முறையைப் பயின்றதற்கான தனிச் சான்றிதழும் வேண்டும் என்பது விதி. அதற்கான பயிற்சியை அளிக்கும் நிலையங்களோ, சென்னை கிண்டியில் உள்ளதைப் போல, நாடு முழுவதற்கும் சிலவே.

சிக்கலின் வேர், அளக்க எளிதானவை மட்டுமே அளக்கப்படுவதில் இருக்கிறது. ஃபிட்டர் பிரிவின் முதலாண்டு மாணவர், வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டின் ஒரு முகத்தை அரத்தால் ராவிச் சமப்படுத்தி, மூலைமட்டத்தின் விளிம்பை அதன்மேல் பொருத்தி, வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்ப்பார். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள், ஆகவே சுற்றியுள்ள மேட்டை மீண்டும் ராவ வேண்டும். தொடக்கத்தில் அரை மில்லிமீட்டர்வரை பொறுத்துக்கொள்ளப்படும் பிழை, பயிற்சி முன்னேற முன்னேற ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்காகக் குறுகிவிடுகிறது. இந்த நிதானம் கைக்கு வருவதற்கென்றே 2022இல் திருத்தப்பட்ட பாடத்திட்டமும் ஆண்டுக்கு 840 மணி நேரத்தைச் செய்முறைக்கு ஒதுக்கியிருக்கிறது. பணிமனையில் எத்தனை வைஸ் இருக்கின்றன என்பதை ஆய்வுக்கு வருபவர் பத்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மாணவர் ஆண்டு முழுவதும் நின்றாரா என்பதை ஒருநாள் வருகையில் காண வழியில்லை. தமிழ்நாட்டில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு நிலையங்கள் ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனமாக்கப்பட்டபோது வந்த விலையுயர்ந்த இயந்திரங்களுக்கும் இதே கணக்குத்தான்.

தேர்வு முறையிலும் ஒரு முரண் உண்டு. எழுத்துத் தேர்வில் 33 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. செய்முறையில் 60 விழுக்காடு வேண்டும். கைத்திறனுக்கே முதலிடம் என்னும் இந்த அணுகுமுறை சரியானது. ஆனால் எழுத்துத் தேர்வு கணினிவழியாக, நாடு முழுவதற்கும் பொதுவான ஏற்பாட்டில் நடக்க, கூடுதல் எடை கொண்ட செய்முறைத் தேர்வு நிலையங்களிலேயே நடத்தப்படுகிறது. இதற்கு மாற்றாகப் பாடத்திட்டத்திலேயே ஒரு விதி இருக்கிறது: ஆண்டு முழுவதும் மாணவர் செய்துமுடித்த வேலைத்துண்டுகள், பதிவேடு, வருகைப்பதிவு ஆகியவை அடுத்த தேர்வுவரை பாதுகாக்கப்பட வேண்டும், மதிப்பெண் இடுமுன் வெளித்தேர்வாளர் அவற்றைப் பார்வையிட வேண்டும். துருவேறிய இரும்புத் துண்டை யாரும் போலிச் சான்றாகத் தயாரித்துவைக்க மெனக்கெட மாட்டார்கள். வெர்னியர் காலிப்பரை அதன்மேல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். செலவே இல்லாத இந்தச் சோதனை, தரம் பற்றிய விவாதங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

கற்பிப்பவரே மதிப்பிடுவதும் சான்றளிப்பதும் கூடாது என்னும் கொள்கை, குறுகியகாலத் திறன் பயிற்சித் திட்டங்களின் அனுபவத்தால் வலுப்பெற்றது. அங்கே பயிற்சி வழங்குநருக்குச் சேர வேண்டிய தொகையின் ஒரு பகுதி, சான்றிதழ் பெற்றோரின் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தது. தேர்ச்சி விகிதம் உயர்வதால் ஆதாயம் அடைபவருக்கும் தேர்வு நடத்துபவருக்கும் இடையே போதிய தூரம் இல்லை என்பதை, அத்திட்டங்களில் மதிப்பீட்டையும் சான்றளிப்பையும் கவனித்த துறைசார் திறன் குழுமங்கள் பற்றி 2016இல் அறிக்கை அளித்த சாரதா பிரசாத் குழு எடுத்துக்காட்டியது. பழைய தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவையும் தேசியத் திறன் மேம்பாட்டு முகமையையும் ஒன்றாக்கி, 2018 டிசம்பர் 5 அன்று அறிவிக்கை செய்யப்பட்ட தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம், சான்றளிக்கும் அமைப்புகளையும் மதிப்பீட்டு முகமைகளையும் தனித்தனியே அங்கீகரித்துக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றது. நிலையங்களுக்கு மதிப்பெண் வழங்கித் தரம் பிரிக்கும் முறையும் இதே காலத்தில் வந்தது. நிலையமே தரும் விவரங்களிலிருந்து அது தொடங்குவதால், பின்னர் நடக்கும் சரிபார்ப்பு எவ்வளவு கண்டிப்பானதோ அவ்வளவுக்கே அந்த மதிப்பெண்ணை நம்பலாம்.

வேலை தருவோர் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. தேசியத் தொழிற்சான்றிதழோடு வருபவரிடமும் பல தொழிற்சாலைகள் ஓர் இரும்புத் துண்டையும் வரைபடத்தையும் கொடுத்து, அரத்தைக் கையில் எடுக்கச் சொல்கின்றன.