மெர்டேக்கா அரங்கம் பிழைத்த கதை

தோட்டத்துத் திடலில் பந்து உதைக்கும் தம்பிகளே, மெர்டேக்கா அரங்கத்தைப் பற்றி உங்க தாத்தாவைக் கேட்டுப் பாருங்க. மனுஷன் முகம் மலர்ந்துவிடும். சிலாங்கூர்க் காற்பந்துக் குழுவுக்குப் பல்லாண்டு காலம் அதுதான் சொந்த வீடு.

சுதந்திரத்தை அறிவிக்க ஓர் அரங்கம் வேண்டும் என்று துங்கு அப்துல் ரஹ்மான் ஆசைப்பட்டார். பொதுப்பணி இலாகாவின் ஸ்டான்லி ஜூக்ஸ் வரைந்து கொடுத்தார். 1956இல் வேலை தொடங்கி, 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள் திறந்தாயிற்று. மறுநாள் காலையில் துங்கு ஏழு தடவை ‘மெர்டேக்கா’ என்று முழங்கினார். அதே ஆண்டு மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் ஆரம்பம்.

1975ஆம் ஆண்டை மறக்க முடியுமா? மார்ச்சில் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம். பாகிஸ்தானை 2-1 என்று இந்தியா வென்றது. மே மாதம் லண்டன் ஆர்சனல் குழு வந்தது. மொக்தார் டஹாரி இரண்டு கோல் போட, சிலாங்கூர் 2-0இல் வெற்றி! ஜூலை முதல் தேதி முகமது அலியும் ஜோ பக்னரும் அங்கேதான் குத்துச்சண்டை போட்டார்கள்.

நம்மவர் பெயர் ஓங்கியது 1980 ஏப்ரலில். மாஸ்கோ ஒலிம்பிக் தகுதியாட்டம், எதிரே தென்கொரியா. கோல் காத்தவர் நம்ம ஆர். ஆறுமுகம். நீண்ட கை; அதனால் ‘ஸ்பைடர்மேன்’ என்றே பட்டப்பெயர். ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் மலேசியா 2-1 என்று ஜெயித்தது. ஆனால் என்ன செய்ய? ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் நம் நாடு மாஸ்கோவைப் புறக்கணித்தது. அந்தப் பிள்ளைகள் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சு. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு; வயிறு மட்டும் இன்னும் எரிகிறது. 1988இல் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தபோது வயது 35தான்.

1994இல் ஷா ஆலாமில் பெரிய அரங்கம் எழும்பியது. சிலாங்கூர் அங்கே குடிபோனது. மெர்டேக்கா அரங்கம் இருந்த நிலத்தின் மேல் பெரிய முதலாளிகளுக்குக் கண். இடித்துவிட்டுக் கட்டடங்கள் எழுப்பத் திட்டம் போட்டார்கள். 1997இல் பண நெருக்கடி வந்து திட்டம் படுத்தது. 2003இல் அது பாரம்பரியச் சின்னமானது. பின்னாளில் கூட்டிய இருக்கைகளை அகற்றி, 1957இல் இருந்த உருவத்துக்கே திருப்பினார்கள். 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

ஷா ஆலாம் அரங்கத்தையோ 2024இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பழசு, 118 மாடிக் கோபுரத்தின் காலடியில் இன்னும் நிற்கிறது.